ஒற்றைப் பல் இம்பிளான்ட்: "எவ்வளவு முடியும்?" என்று கேட்பதற்கு முன் அறிய வேண்டியவை

பல்லொன்றை இழந்தவர் ஒரு பல் வைத்திய நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, "இம்பிளான்ட் வைக்க எவ்வளவு முடியும்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரேயொரு தொகைதான் பதிலாக வரும். நானும் அப்படித்தான் கேட்டேன். கீழ்த்தாடையின் வலப்பக்கக் கொடுப்புப் பல்லைப் பிடுங்கிய பிறகு, யாழ்ப்பாண நகரிலுள்ள தனியார் நிலையமொன்றில் சொன்ன தொகையைக் கொப்பியில் குறித்துவைத்து, அதற்கேற்பக் காசு சேர்த்தேன். வேலையெல்லாம் முடிந்து கடைசிப் பற்றுச்சீட்டை வாங்கியபோது, கொடுத்த மொத்தம் அந்தத் தொகையின் இரண்டு மடங்கை நெருங்கியிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எலும்புக்குள் வைக்கும் திருகுக்கும் அதை வைக்கும் சத்திரசிகிச்சைக்கும் உரிய தொகையைச் சொன்னார்கள், நானோ அதைப் பல்லுக்கான விலை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் இடையில் என்னென்ன செலவுகள் இருக்கின்றன, அவற்றை எந்த ஒழுங்கில் கேட்டறிவது, காசை எப்படிப் பிரித்துக் கட்டுவது என்பவற்றை, முதன்முறையாக இதில் இறங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில்: விலைக்குள் என்னென்ன இருக்கின்றன

இம்பிளான்ட் பல் என்பது மூன்று துண்டுகள். தாடை எலும்புக்குள் போவது டைட்டேனியத்தால் செய்த திருகு. பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் அளவு தடிப்பும் 10 மில்லிமீற்றர் அளவு நீளமும் கொண்டது, அதாவது ஒரு நெல்மணியைவிடச் சற்றுப் பெரியது. அதன் தலையில் பொருத்தப்பட்டு முரசுக்கு வெளியே எட்டிப்பார்ப்பது அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு. அதற்கு மேலே வருவதுதான் கிரவுன், அதாவது நாம் பல் என்று காண்பதும் கடிப்பதும். திருகு வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது, அதை வைப்பது சத்திரசிகிச்சை செய்பவரின் கை, கிரவுனைச் செய்வது பல் ஆய்வுகூடத்திலுள்ள தொழில்நுட்பவியலாளர். ஆகவே, மூன்றுக்கும் மூன்று கணக்கு இருப்பதில் வியப்பில்லை.

இவற்றைச் சுற்றிச் சிறிய செலவுகளும் நிற்கின்றன: முதற் பரிசோதனை, எக்ஸ்ரே, எலும்பின் அகலத்தையும் உயரத்தையும் அளக்கும் கோன் பீம் சி.ரி. ஸ்கான், பழைய பல்லைப் பிடுங்கும் கூலி, மருந்து, முரசு ஆறும்வரை திருகின் மேல் போட்டுவைக்கும் சிறு மூடி, முன்பல்லானால் இடைக்காலத்துக்கு ஒரு தற்காலிகப் பல். எலும்பு குறைவாக இருந்தால், எலும்புத் துகள் நிரப்புவதும் அதற்கு மேல் சவ்வு இடுவதும் தனிக் கணக்காகச் சேரும். மேல்தாடையின் பின்பக்கத்தில், சைனஸ் எனப்படும் காற்றறையின் அடித்தளத்தை உயர்த்த வேண்டி வந்தால், அது இன்னொரு சத்திரசிகிச்சையின் விலையையே கொண்டுவரும். தொலைபேசியில் சொல்லப்படும் தொகையில் இவற்றில் எது அடங்கும், எது அடங்காது என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும்.

திருகு வைத்தவுடன் ஏன் பல் வைப்பதில்லை என்ற கேள்விக்கான விடையிலும் செலவைச் சமாளிக்கும் வழியொன்று இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர், 1952ஆம் ஆண்டளவில் முயல்களின் எலும்புக்குள் டைட்டேனியத்தாலான சிறு கருவிகளைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டதைக் கண்டார். அவர் 1965ஆம் ஆண்டு முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் இம்பிளான்ட் வைத்தார். அப்படி எலும்பு ஒட்டிப் பிடிப்பதற்குக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய 3 மாதமும் மேல்தாடையில் 4 முதல் 6 மாதமும் விடுவது பழைய வழக்கம். இன்றைய திருகுகளில், எலும்பு நல்லதாக இருந்தால், இதைவிடக் குறைந்த காலமும் போதும். இந்தக் காத்திருப்பைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். கையில் முழுக் காசும் இல்லாதவருக்கோ இந்த மாதங்களே பெரிய உதவி.

பிடுங்குவதற்கு முன் ஒரு கேள்வி

பல் இன்னும் வாயில் இருக்கிறதென்றால், "இதைக் காப்பாற்ற இயலாதா?" என்று கேளுங்கள். வேர்ச்சிகிச்சை செய்து மேலே கிரவுன் போட்டு நிற்கக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் வைப்பது, கூரை ஓடுகளை மாற்றினால் போதுமான வீட்டை இடித்துக் கட்டுவது போன்றது. யாழ். போதனா வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் பல் பிடுங்குவதற்குக் கட்டணம் இல்லை. ஆகவே, நீண்ட வரிசையில் நிற்க நேர்ந்தாலும் அங்கே காட்டி ஒரு கருத்தைப் பெற்றுக்கொள்வதில் நட்டம் எதுவும் இல்லை.

பிடுங்கத்தான் வேண்டுமென்றால், எந்த நாளில் இம்பிளான்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்குகிறீர்கள் என்பது செலவைத் தீர்மானிக்கும். பல் போன இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை, வேலையில்லாத எலும்பு தேய்கிறது. கொடுப்புப் பல் இருந்த இடத்தில் முதல் ஓராண்டுக்குள்ளேயே எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறையலாம். "பிறகு பார்ப்போம்" என்று மூன்று நான்கு ஆண்டுகள் விட்டுவிட்டு வருபவருக்கு எலும்பு நிரப்பும் செலவு வந்து சேர்வதற்கு இதுவே முக்கிய காரணம். அதற்காகப் பதற்றப்பட்டு அன்றைக்கே முற்பணம் கட்ட வேண்டியதில்லை. பிடுங்குபவரிடம், "பின்னர் இம்பிளான்ட் வைக்கும் எண்ணம் இருக்கிறது, எலும்பைக் காக்க இப்போதே செய்ய வேண்டியது ஏதும் உண்டா?" என்று கேட்டாலே போதும், சில வேளைகளில் குழியில் எலும்புத் துகள் இடுவது பின்னால் வரும் பெரிய செலவைத் தவிர்க்கும்.

இம்பிளான்ட் வேண்டுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானிப்பது நல்லது. வரிசையின் கடைசிக் கொடுப்புப் பல் போயிருந்தால், அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடலாம் என்று நேர்மையான வைத்தியர் பலர் சொல்வார்கள். இடைவெளியின் இருபுறத்துப் பற்களும் ஏற்கெனவே பெரிதாக அடைக்கப்பட்டு, எப்படியும் கிரவுன் போட வேண்டிய நிலையில் இருந்தால், மூன்றையும் இணைக்கும் பிரிட்ஜ் மலிவாகவும் சில கிழமைகளிலும் முடிந்துவிடும். இருபுறமும் பழுதில்லாத பற்கள் என்றால், அவற்றை அராவி பிரிட்ஜ் போடுவதற்கு எனக்கு மனம் வராது. அங்கேதான் இம்பிளான்டுக்குக் கொடுக்கும் காசுக்குப் பொருள் இருக்கிறது. கழற்றிப் போடும் பொய்ப்பல் எல்லாவற்றிலும் மலிவு, காசு சேரும்வரை இடைக்காலத்துக்கு அதைப் போட்டிருப்பதில் குறையேதும் இல்லை.

வாய் ஆயத்தமா, உடம்பு ஆயத்தமா

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்தாம் இரண்டு தடவை காசு கட்டுகிறார்கள். முரசு வீங்கி இரத்தம் கசியும் வாயில் இம்பிளான்ட் வைக்கக்கூடாது. முதலில் பற்காறை எடுத்து முரசைச் சுகப்படுத்த வேண்டும், அதற்கான செலவு சிறியது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறுவது பிந்தும், தொற்றும் எளிதில் வரும். ஆகவே, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு போங்கள். புகைபிடிப்பவர்களுக்கு இம்பிளான்ட் பிடிக்காமல் போவது கூடுதலாக நடக்கிறது. வெற்றிலை பாக்கு நீண்டகாலம் போட்டவர்களுக்கு வாய் திறக்கும் அளவே குறைந்திருக்கலாம், அதையும் முதலில் காட்ட வேண்டும். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ எலும்பைப் பலப்படுத்தும் மாத்திரையோ ஊசியோ எடுத்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறாமல் போகக் காரணமாகலாம். வீட்டில் அம்மா, அப்பாவுக்காகப் போகிறவர்கள் மருந்துப் பெட்டியையே கையோடு கொண்டுபோவது நல்லது, பெயர் சொல்லத் தெரியாத குளிசைதான் பெரும்பாலும் முக்கியமானதாக இருக்கும்.

எழுத்தில் விலைக்கூறு

எனக்குக் கிடைத்த முதல் விலைக்கூறு, மருந்து எழுதிக் கொடுக்கும் தாளில் நீல மையில் எழுதிய மூன்று வரி: "இம்பிளான்ட்", "ஸ்கான்", அடியில் ஒரு மொத்தம். அதைப் பார்த்து எதையும் ஒப்பிட இயலாது. இரண்டாவது நிலையத்துக்குப் போனபோது நானே ஒரு தாளில் வரிகளை எழுதிக்கொண்டு போனேன்: பிடுங்குதல், ஸ்கான், எலும்பு நிரப்புதல், திருகும் சத்திரசிகிச்சையும், ஆறும் மூடி, அபட்மென்ட், கிரவுன், மருந்து, பின்னர் வந்து காட்டும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம். "இதில் ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை போட்டுத் தருவீர்களா, தனிக் கட்டணம் இல்லாதவற்றுக்கு 'அடங்கும்' என்று எழுதினால் போதும்" என்று கேட்டேன். வரவேற்பு மேசையிலிருந்த தங்கச்சி முதலில் தயங்கினாலும், வைத்தியர் வாங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே பேனையை எடுத்தார். தொலைபேசியில் கூடுதல் விலை சொன்ன அந்த நிலையம்தான், எல்லா வரியையும் கூட்டிப் பார்த்தபோது, குறைந்த மொத்தத்தைத் தந்தது. நான் ஏற்கெனவே முதல் இடத்தில் திருகு வைத்துவிட்டிருந்தேன்; கிரவுனுக்கு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கப் போனவனுக்கு அன்றைக்குத்தான் கணக்கு விளங்கியது. நீங்கள் இந்தத் தாளைத் திருகுக்கு முன்பே கொண்டுபோங்கள்.

தொகைகளுக்குப் பக்கத்தில் வேறு சிலவற்றையும் எழுதி வாங்க வேண்டும். விலைக்கூறு எந்தத் திகதிவரை செல்லும் என்பது முதலாவது. திருகும் அதன் துண்டுகளும் இறக்குமதிப் பொருள்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டதை நாங்கள் பார்த்தோம். "மச்சானுக்கு முந்தி இவ்வளவுதான் முடிந்தது" என்ற கணக்கு இதனால்தான் இன்றைக்கு உதவாது. சத்திரசிகிச்சையின்போது எலும்பு போதாதென்று தெரிந்தால் உச்சமாக எவ்வளவு கூடும் என்பது இரண்டாவது. மூன்றாவது, பலரும் கேட்கக் கூச்சப்படுவது: கிரவுன் போடுவதற்கு முன் திருகு ஆடினால் அல்லது கழன்றால் திரும்ப வைப்பதற்கு யார் காசு கட்டுவது? சில நிறுவனங்கள் திருகுக்கு உத்தரவாதம் தருகின்றன, ஆனால் அது பெரும்பாலும் திருகுக்கு மட்டுமே. வைத்தியரின் கட்டணத்தையும் ஆய்வுகூடச் செலவையும் அது தொடாது. நன்கு திட்டமிட்டு வைக்கும் இம்பிளான்ட்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 10 ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன. ஆனாலும் அந்த மிச்சத்தில் நாங்கள் இருக்கமாட்டோம் என்பதற்கு உறுதி இல்லை.

கிரவுனைப் பசையால் ஒட்டுவார்களா, வேறொரு சிறு திருகால் முடுக்குவார்களா என்றும் கேளுங்கள். திருகால் முடுக்கிய கிரவுனைப் பின்னர் கழற்றித் திருத்தலாம். பசை முரசுக்கடியில் தங்கிவிட்டால் அதுவே அழற்சிக்குக் காரணமாகலாம். என்னுடையது திருகு வகை. கடைசி நாளில் வைத்தியர் சிறு முறுக்குச் சாவியால் அளவு பார்த்து இறுக்கிவிட்டு, மேலே தெரிந்த துளைக்குள் குழாய் பொருத்துகிறவர்கள் சுற்றும் அதே வெள்ளை நாடாவைத் திணித்து, அதற்கு மேல் பல்நிற அடைப்பை வைத்து மூடினார். இவ்வளவு காசு கொடுத்த இடத்தில் கடைசியாகக் குழாய் நாடா வந்து சேர்ந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில், அடியிலுள்ள திருகின் தலையைக் காத்து, பின்னர் எளிதாகத் திறக்க வைப்பது அந்த நாடாதான்.

எந்த நிறுவனத்தின் திருகு

சுவிற்சர்லாந்தின் ஸ்ட்ரோமன், நோபல் பயோகெயார், தென்கொரியாவின் ஒஸ்டெம் என்று பல பெயர்கள் காதில் விழும்; ஐரோப்பியத் திருகுகள் பெரும்பாலும் விலை கூடியவை, கொரியத் திருகுகள் மலிவானவை. ஒரு பல்லுக்கு மிக விலையுயர்ந்ததைத்தான் வைக்க வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. கேட்க வேண்டியது வேறு: 10 ஆண்டு கழித்து இந்தத் திருகுக்குரிய அபட்மென்டும் முடுக்கும் சாவியும் இலங்கையில் கிடைக்குமா? ஒவ்வொரு நிறுவனத்தின் துண்டும் பெரும்பாலும் அதற்குரிய சாவிக்கே இசையும். பெயர் தெரியாத திருகொன்று கழன்றால், நல்ல வைத்தியரும் கைவிரிக்க நேரும். ஆகவே, சத்திரசிகிச்சை நாளன்று திருகுப் பொட்டலத்திலுள்ள ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் நிறுவனத்தின் பெயர், அளவு, தொகுதி இலக்கம் மூன்றும் இருக்கும். கைத்தொலைபேசியில் படமெடுத்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கும் அனுப்பிவிட்டால் தொலையாது.

காசைப் பிரித்துக் கட்டுதல்

முழுத் தொகையையும் முதல் நாளே கட்டும்படி கேட்டால், அதற்குச் சம்மதிக்க வேண்டிய தேவை இல்லை. வேலை கட்டங்களாக நடப்பதால் காசும் கட்டங்களாகப் போக வேண்டும்: ஸ்கானும் திட்டமும் ஒரு பங்கு, திருகு வைக்கும் நாளில் ஒரு பங்கு, கிரவுனுக்கு அளவெடுக்கும் நாளில் ஒரு பங்கு, கிரவுன் பொருத்திக் கடித்துப் பார்த்த பிறகு மிச்சம். கணக்கு விளங்குவதற்கு மட்டும் மொத்தம் 240,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்; இது எந்த நிலையத்தின் விலையும் அல்ல. அதில் பாதி திருகு வைக்கும் நாள்வரை போய்விட்டால், மிச்சம் 120,000. எலும்பு ஆறும் 4 மாதத்தில் மாதம் 30,000 ஒதுக்கினால், கடன் எதுவும் வாங்காமலே கிரவுன் நாளைத் தொட்டுவிடலாம். சீட்டுக் கட்டுபவர்கள் தங்கள் முறை வரும் மாதத்தைப் பார்த்துத் திருகு நாளைக் குறிக்கலாம். வைத்தியருக்கு அந்த நாள் ஒரு மாதம் முந்தினாலும் பிந்தினாலும் பெரிய வேறுபாடு இல்லை.

கடனட்டையில் தவணை முறை கிடைத்தால், "வட்டியில்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் கையாளல் கட்டணம் இருக்கிறதா என்பதை வங்கியிடமே கேளுங்கள். நகையை அடகு வைப்பதானால், மொத்தத் தொகைக்கும் ஒரேயடியாக வைக்காமல் முதற் கட்டத்துக்கு மட்டும் வையுங்கள். கிரவுனுக்குரிய காசுக்கு நான்கு மாதம் முன்பே வட்டி கட்டுவதில் பொருளில்லை. அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதியிலும், தனியார் ஊழியர்கள் தங்கள் நிறுவனக் காப்புறுதியிலும் பற்சிகிச்சைக்கு ஏதும் கிடைக்குமா என்பதை வேலை தொடங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. முடிந்த பிறகு பற்றுச்சீட்டோடு போய் நிற்பது வீண் அலைச்சல்.

எலும்பு நிரம்ப இருந்து, பொருத்தமான இடமாக இருந்தால், நடுத்தர விலையுள்ள திருகு, ஆய்வுகூடத்தில் தனியாகச் செய்யாத ஆயத்த அபட்மென்ட், பின்பக்கப் பல்லுக்கு உலோக அடியுள்ள பீங்கான் கிரவுன் என்று செலவைக் குறைக்கலாம். ஸ்கானிலும் சத்திரசிகிச்சை செய்பவரின் அனுபவத்திலும் மட்டும் குறைக்கக்கூடாது. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு ஓடுகிறது; அது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதென்று பார்க்காமல் துளைப்பதால் மிச்சமாகும் காசு ஒரு காசல்ல. செய்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா, இதுபோன்ற வேலை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பதை எவரும் அவமதிப்பாக எடுக்க வேண்டியதில்லை.

கொழும்பு, சென்னை, கனடாவிலிருந்து வந்தவர்

கொழும்பில் மலிவென்றோ சிறப்பென்றோ கேள்விப்பட்டுப் போகிறவர்கள், சுமார் 400 கிலோமீற்றர் தூரத்தை எத்தனை தடவை கடக்க வேண்டும் என்று முதலில் எண்ண வேண்டும். பரிசோதனை, திருகு, தையல் எடுத்தல், அளவெடுத்தல், பொருத்துதல் என்று ஐந்து தடவையாவது ஆகும்; துணைக்கு ஒருவரும் தங்குமிடமும் சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துவிடலாம். பலாலியிலிருந்து விமானத்தில் சென்னை போய்ச் செய்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். அதற்கு மேல், நடுவில் முரசு வீங்கினால் யாரிடம் காட்டுவது என்ற ஏற்பாடும் முன்கூட்டியே வேண்டும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடா போன்ற நாடுகளிலிருந்து ஊருக்கு வரும் உறவினர்கள், "கொடியேற்றத்துக்கு முன் வைத்தால் தேருக்குள் பல் வந்துவிடுமா?" என்று கேட்பதுண்டு. திருவிழா 25 நாள், எலும்புக்கோ மாதக்கணக்கு வேண்டும். சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் பொருத்தலாம் என்றாலும், கொடுப்புப் பல்லில் அவசரப்படாமல் இருப்பதே நல்லது. இந்த ஆண்டு திருகு, அடுத்த ஆண்டு கிரவுன் என்று பிரிப்பதே அவர்களுக்குப் பொருந்தும். அங்கே போய்க் கிரவுனை முடிக்க நினைப்பவர்கள், வேறொருவர் வைத்த திருகின் மேல் வேலை செய்ய அங்குள்ள வைத்தியர் உடன்படுவாரா என்பதை இங்கே திருகு வைப்பதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும். சைனஸ் உயர்த்தல் செய்தவர்கள் எத்தனை நாள் விமானம் ஏறக்கூடாது என்பதைச் செய்தவரிடம் கேட்காமல் பயணச்சீட்டு எடுக்கவே கூடாது.

பொருத்திய பிறகு வரும் செலவு

இம்பிளான்டில் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள முரசும் எலும்பும் நோயுறலாம், அதுவும் நோவு இல்லாமலே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்யும் கட்டணத்தையும் அவ்வப்போது எடுக்கும் எக்ஸ்ரேயையும் ஆண்டுச் செலவில் சேர்த்துவிடுங்கள். திருகு எலும்பில் நின்றாலும், மேலுள்ள கிரவுன் தேய்ந்தோ உடைந்தோ 10, 15 ஆண்டில் மாற்ற வேண்டி வரலாம் என்று இப்போதே நினைத்துக்கொள்வதும் நல்லது. கிரவுன் சற்று ஆடுவது போலத் தோன்றினால், பெரும்பாலும் உள்ளிருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கும். அன்றோ மறுநாளோ போனால் முடுக்குவதோடு முடியும், ஒரு மாதம் கடித்துக்கொண்டு திரிந்தால் திருகு உடைந்து செலவு பெருகும்.

இயற்கைப் பல்லைச் சுற்றி, கடியின் அழுத்தத்தை உணரும் மெல்லிய இழையம் உண்டு, இம்பிளான்டுக்கு அது இல்லை. ஆகவே, எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்பது அந்த இடத்தில் சரியாகத் தெரியாது. நண்டுக் காலை உடைக்க அம்மிக்கல் இருக்கிறது. புழுக்கொடியலை வாயில் வைத்து முறிக்கும் பழக்கமுள்ளவர்கள் அதை மறுபக்கப் பற்களுக்கு மாற்றிவிட வேண்டும், அல்லது இடித்துத் தேங்காய்ச் சொட்டோடு சாப்பிட வேண்டும். நான் இப்போது இடித்துத்தான் சாப்பிடுகிறேன். பனங்கிழங்கு நார் மட்டும் இன்னும் கிரவுனுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் போய்ச் சிக்குகிறது. அதற்கு இடைவெளி துலக்கும் சிறு தூரிகை ஒன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும். எந்த அளவு வேண்டுமென்று கிரவுன் பொருத்தும் நாளிலேயே வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.